பானெட்டுக்குள் புயல் வேண்டுமா? டொயோட்டா 86-இன் டர்போ பஞ்சாயத்து

டர்போ கிடையாது. நாலு வீல் டிரைவ் கிடையாது. தார் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும் டயரும் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் புறப்பட்ட ஒரு தலைமைப் பொறியாளர் இப்படி மூன்று ‘கிடையாது’களோடு வேலையை ஆரம்பித்தார் என்றால் நம்புவீர்களா? டொயோட்டாவின் டெட்சுயா தடா அதைத்தான் செய்தார். சுபாருவோடு கைகோத்து அவர் உருவாக்கிய டொயோட்டா 86, 2012-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அன்று பிடித்தது, இன்றுவரை ஓயாத ஒரு பஞ்சாயத்து: “எல்லாம் சரி, இதுக்கு ஒரு டர்போ போட்டுட்டா என்ன?”

அந்தப் பஞ்சாயத்து நடக்கிற இடங்களைத்தான் இன்று எட்டிப் பார்க்கப் போகிறோம். பட்டறை, டைனோ மேடை, டிசைன் மேஜை என்று ஒரு சுற்று. சொல்லும்போதே கை பரபரக்கிறது!

இன்ஜினுக்குப் பசி பெட்ரோல் மேல் இல்லை, காற்றின் மேல்தான். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே பீய்ச்சிவிடலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே! 86-இன் 2 லிட்டர் பாக்ஸர் இன்ஜின் 7,000 ஆர்பிஎம்மில் சுழலும்போது, கணக்குப்படி நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. எடை போட்டால் எட்டுக் கிலோவுக்கு மேல். அடேங்கப்பா! ஆனால் பிஸ்டன் பின்வாங்கும்போது வெளிக்காற்று தன் அழுத்தத்தால் தானாக வந்து நிரப்புகிற அளவுதான் வரவு. அதைத்தான் நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் என்கிறோம். பட்டறையில் வெறும் ‘என்ஏ’. ஒரு பம்ப்பை வைத்துக் காற்றைத் திணித்தால்? அரை பார் அழுத்தம் கூட்டினாலே காற்று கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. சக்தியும் அந்தத் திசையில்தான் ஏறும்.

அந்தப் பம்ப்பைச் சுற்ற இரண்டு வழி. கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றினால் சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையைக் கொண்டே சுற்றினால் டர்போ. பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து வேலை வாங்கலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சக்கரம், 900 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும் புகையில், நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத வரி இது.

காரில் டர்போவை முதலில் விற்றவர்கள் பட்ட பாடு தெரியுமா? 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல், ஜெட்ஃபயர் என்று ஒரு காரை இறக்கியது. 3.5 லிட்டர் வி8, 215 குதிரைத்திறன். திணித்த காற்று சூடாகி, பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கக் கூடாதே என்று, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தையும் சேர்த்துத் தெளித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’! பெயரிலேயே விசில் அடிக்கிறது. ஆனால் பெட்ரோல் போடுகிறவர்கள் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் கார் தன் பூஸ்ட்டை, அதாவது காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, தானே குறைத்துக்கொள்ளும். 1963-ஓடு ஜெட்ஃபயர் முடிந்துபோனது. பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டித் தந்தார்கள்.

அந்தத் திரவம் அடக்கப் பார்த்த எதிரியின் பெயர் ‘நாக்கிங்’. 86-இன் பஞ்சாயத்தும் இங்கேதான் சூடு பிடிக்கிறது. 1970-களின் முதல் போர்ஷே 911 டர்போவின் கம்ப்ரஷன் ரேஷியோ 6.5. காற்றைத் திணிக்கப் போகிறோம் என்று தெரிந்தே சிலிண்டரில் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். 86-க்கு? 12.5! ஏற்கெனவே இறுக்கிப் பிழிகிற இன்ஜின். அதில் இன்னும் காற்றைத் திணித்தால் ஸ்பார்க் வருவதற்கு முன்னோ பின்னோ கலவை தானாகத் தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம். அதனால்தான் இந்த இன்ஜினை அறிந்தவர்கள் அரை பார் பக்கத்திலேயே நின்றுகொள்கிறார்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளித்துக் கலவையைக் குளிர்விப்பதால் அந்த அளவாவது சாத்தியம்.

இப்போது பட்டறைக்குள் வாருங்கள். டர்போ கிட் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. நல்ல பட்டறையில் முதல் வேலை லீக்-டவுன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். அதுவே ஒரு சாகசம். பாக்ஸர் இன்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கின்றன. பிளக்குகள் காரின் சட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். கை நுழைகிற இடைவெளியில் சாக்கெட் நுழையாது. சிலர் இன்ஜின் மவுண்ட்டைத் தளர்த்தி, இன்ஜினையே கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டுத்தான் பிளக்கைத் தொடுகிறார்கள்.

பிளக் வெளியே வந்ததும் அந்த ஓட்டையில் ஒரு குழாயைத் திருகி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விடுகிறார்கள். இரட்டை கேஜில் ஒன்று போகிற அழுத்தம், இன்னொன்று தங்குகிற அழுத்தம். நூற்றுக்குப் பத்துக்குள் கசிந்தால் முகம் மலரும். இருபதைத் தாண்டினால் மெக்கானிக் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். ஆயில் ஊற்றும் மூடியில் ‘உஸ்’ என்றால் பிஸ்டன் ரிங். சைலன்சரில் ‘உஸ்’ என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இன்ஜின் தன் வியாதியைத் தானே சொல்கிறது, அழகாக! வியாதி தெரிந்தால் கிட் பெட்டியிலேயே இருக்கும். பஞ்சாயத்து அங்கேயே முடிந்தது.

தேறிய கார், சக்தியை அளக்கும் டைனோவுக்குப் போகிறது. பின் சக்கரங்கள் ரோலரில், நாலு மூலையிலும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியாகிவிட்டது, முன்னால் ராட்சத மின்விசிறி. முதல் ஓட்டம் எந்த மாற்றமும் இல்லாமல். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்ததும் அறையே அதிர்கிறது. திரையில் டார்க் கோடு மேலே ஏறுகிறது, ஏறுகிறது… 3,500 ஆர்பிஎம் வந்ததும் பொசுக்கென்று இறங்குகிறது! 4,500 தாண்டித்தான் மறுபடி நிமிர்கிறது. முதல் தலைமுறை 86-இன் புகழ்பெற்ற பள்ளம் இதுதான். நகரத்திலும் மலைப்பாதையிலும் கால் அடிக்கடி தேடுகிற இடத்திலேயே அந்தப் பள்ளம் விழுந்திருக்கிறது. “டர்போ வேணும்” என்று கேட்டு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் வேண்டியது அந்தப் பள்ளத்துக்கு நிரவல் மட்டுமே என்பது என் எண்ணம்.

அந்த நிரவலுக்கு டர்போ தேவையில்லை என்பதுதான் பட்டறைகள் அறிந்த ரகசியம். நல்ல எக்ஸாஸ்ட் ஹெடர் ஒன்றை மாட்டி, இன்ஜினின் கணினியான இசியுவைப் புதிதாக டியூன் செய்தால் பள்ளம் பெருமளவு மறைகிறது. அதே டைனோவில் இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, ஆஹா!

டியூனர் காதில் என்ன மாட்டியிருக்கிறார் பாருங்கள். பாட்டு கேட்கிற ஹெட்ஃபோன் இல்லை அது. ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டிருக்கிறார். அதிலிருந்து ரப்பர் டியூப் நீண்டு வந்து காதடைப்பானில் சேர்கிறது. நாக்கிங்கைக் கேட்பதற்கான ஏற்பாடு! தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். அது ஒரு தடவை கேட்டால் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும். லேப்டாப்பில் இக்னிஷன் டைமிங்கை ஒரு டிகிரி பின்னுக்குத் தள்ளுவார், மறுபடி ஓட்டம். காற்று பதினான்கரைக்கும் சற்றே மேல், பெட்ரோல் ஒன்று என்பது முழுதாக எரிகிற பாடப்புத்தகக் கணக்கு. பூஸ்ட் ஏறும்போது அதைப் பதினொன்றரைக்கு ஒன்று என்ற பக்கமாகக் கொண்டுவருகிறார்கள். கூடுதல் பெட்ரோல் குளிர்ச்சிக்காக. சென்சார் இருந்தும், கணினி இருந்தும், கடைசித் தீர்ப்பு அந்தக் காதில்தான்.

சரி, இவ்வளவுக்கும் பிறகும் சக்தி வேண்டும் என்றால்? இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த கருவி ஒன்று உண்டு. டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் சூப்பர்சார்ஜர். அமெரிக்காவின் ஜாக்ஸன் ரேஸிங் இதை வைத்துத்தான் 86-க்கு கிட் செய்கிறது. பெல்ட் சுழற்றும் வேகத்தைப் பல மடங்காக்க அதற்குள் பல்சக்கரமே கிடையாது. வழவழப்பான உருளைகள் மட்டும். நடுவில் ஒரு தனி ஆயில். உருளைகள் நெருக்குகிற அந்தக் கண நேரத்தில் ஆயில் கிட்டத்தட்டத் திடப்பொருளாக இறுகிப் பிடித்துக்கொள்கிறது. நெருக்கம் விலகியதும் மறுபடி ஆயில்! பூஸ்ட்டும் ஆர்பிஎம் ஏற ஏறத்தான் ஏறுகிறது. அதனால் காரின் குணம் மாறுவதில்லை, குரல் மட்டும் ஓங்குகிறது. 200 குதிரைத்திறன் 260, 280 ஆவது இப்படிப்பட்ட கிட்களில் சாதாரணம். டர்போ அதைவிட அதிகம் தரும், கீழ் ஆர்பிஎம்மிலேயே தரும், சூட்டையும் தரும். சக்கரத்தில் அளந்து 300-ஐத் தாண்டினால் கனெக்டிங் ராட் தாங்காது என்பது இந்த இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பவர்கள் வட்டாரத்தில் பொதுவான எல்லைக்கோடு. அதற்கு மேல் என்றால் இன்ஜினையே பிரித்து உள்ளுறுப்புகளை மாற்ற வேண்டும். செலவு வேறு ஊருக்குப் போய்விடும்.

அப்படியானால் கம்பெனியே ஏன் போட்டுத் தரவில்லை? சுபாருவிடம் டர்போ இல்லாமலா! இந்தக் கார் பிறந்ததே சுபாருவின் குன்மா ஆலையில். இங்கேதான் டிசைன் மேஜை ரகசியம். 86-இன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 46 சென்டிமீட்டர்தான். தட்டையான பாக்ஸர் இன்ஜினைப் பள்ளத்தில் இறக்கி, பின்னுக்குத் தள்ளி வைத்து வாங்கிய வரம் அது. சுபாருவின் இந்த வகை டர்போ இன்ஜினில் டர்போ உட்காருவது இன்ஜினுக்கு அடியில். அதற்கு இடம் கொடுத்தால் இன்ஜின் மேலே ஏறும். மேலே ஏறினால் 86-ஐ 86 ஆக்கிய விஷயமே போச்சு!

இரண்டாம் தலைமுறையில் என்ன செய்தார்கள் என்பது அதைவிட அழகு. 2021-இல் வந்த ஜிஆர் 86-இல் பிஸ்டன் ஓடுகிற தூரம் அதே 86 மி.மீ. சிலிண்டரின் விட்டத்தை மட்டும் 86-இலிருந்து 94 மி.மீ. ஆக்கினார்கள். 2.4 லிட்டர். டார்க் 205-இலிருந்து 250 நியூட்டன் மீட்டர். முன்பு 6,400-க்கு மேல் ஓடித் தேட வேண்டிய உச்சம் இப்போது 3,700-இலேயே! பள்ளம் இருந்த அதே இடத்தில் சிகரம். எட்டே எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் பத்து வருடப் பஞ்சாயத்துக்குப் பதில். இதே 2.4 லிட்டருக்கு டர்போ மாட்டி, கம்ப்ரஷனை 10.6-ஆகக் குறைத்து சுபாரு தன் டபிள்யூஆர்எக்ஸ் காருக்குக் கொடுத்தது. 86-க்குக் கொடுக்கவில்லை.

ஆனால் ஆசை யாரை விட்டது? 2022-இல் ஜப்பானின் சூப்பர் தைக்யூ பந்தயத்தில் டொயோட்டா ஒரு 86-ஐ ஓட்டியது. உள்ளே பாக்ஸரே இல்லை, 1.4 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ! பந்தய விதிகளில் டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. பெருக்கிப் பாருங்கள், 2.38 வருகிறது. ஷோரூம் காரின் 2.4 பக்கத்தில் கச்சிதமாக வந்து நிற்கிறது.

பெரிய வீடுகளிலும் இதே பேச்சுதான். ஃபெராரி 458-இன் 4.5 லிட்டர் என்ஏ இன்ஜினை விட்டுவிட்டு 2015-இல் 488-க்கு டர்போ போட்டது. முழு டார்க் 760 நியூட்டன் மீட்டரை ஏழாவது கியரில் மட்டும் திறந்துவிட்டு, கீழ் கியர்களில் கணினியால் அடக்கி வைத்தது. டர்போவை வைத்துக்கொண்டே என்ஏ உணர்வைத் தர அத்தனை மெனக்கெடல்! போர்ஷேயோ சாதாரண 911-க்கு டர்போ கொடுத்துவிட்டு, ஜிடி3-யை மட்டும் 9,000 ஆர்பிஎம் வரை பாடுகிற என்ஏவாகவே வைத்திருந்தது. 86-க்குப் பெயர் தந்த 1983-ஆம் ஆண்டின் ஏஇ86-ஐ நாயகனாக்கிய ‘இனிஷியல் டி’ மங்காவிலும் இந்தச் சண்டை உண்டு: அதை ஓட்டும் டகுமியின் கார் என்ஏ, எதிரே வரும் வதாரு அகியாமாவின் லெவின் காரில் டர்போ.

என் தீர்ப்பு இது. இரண்டாம் தலைமுறை 86 வைத்திருந்தால் இன்ஜினைத் தொடாதீர்கள். முதல் தலைமுறை என்றால் முதலில் லீக்-டவுன் டெஸ்ட், அடுத்து ஹெடரும் டியூனிங்கும். ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். பிறகும் கால் இன்னும் கேட்டால், அரை பாருக்குள் நிற்கிற சூப்பர்சார்ஜர் ஒன்று, கூடவே ஆயில் கூலர், நல்ல பிரேக் பேட். டர்போவுக்குப் போவதென்றால் இன்ஜினைப் பிரிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். கிட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், காதில் செப்புக் குழாய் மாட்டிக்கொண்டு டியூன் செய்கிற ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.