நெடுந்தூரச் சைக்கிள் பந்தயமும் வழி தேர்தலும்

சைக்கிள் பந்தயம் என்றவுடன், வண்டிகள் திரளாய் ஓட, உணவும் மாற்றுச் சக்கரமும் ஏந்திய மோட்டார்கள் பின்தொடரும் காட்சியே நம் மனத்தில் எழும். அத்தகைய உபசாரம் ஒன்றுமின்றி, உடையையும் கருவிகளையும் தாமே சுமந்து, வழியிற் கிடைப்பதை வாங்கியுண்டு செல்லும் பந்தயங்களும் உள. 2013-ஆம் ஆண்டில் மைக் ஹால் என்னும் பிரிட்டிஷ் வீரர் ஏற்படுத்திய டிரான்ஸ்காண்டினெண்டல் பந்தயம் அவற்றுட் பெயர்பெற்றது. ஐரோப்பாவின் குறுக்கே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் ஓடும் அதில், தொடக்கம், முடிவு, இடையே தொடவேண்டிய சில நிலையங்கள் ஆகியவற்றையே நடத்துவோர் குறிப்பர். எஞ்சிய வழியைப் பெரும்பாலும் ஓட்டுபவரே தேர்ந்துகொள்ள வேண்டும்.

இதன் அருமையை உணர ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டுவதில்லை. ஊரப்பாக்கத்தில் நின்று மாமல்லபுரத்துக்கு வழி தேடிப் பார்ப்போம். டிரங்க் ரோடு வழியே தெற்கே செங்கற்பட்டை அடைந்து, கிழக்கே திரும்பித் திருக்கழுக்குன்றம் சென்று கடற்கரை சேரலாம். இது சுமார் 55 கிலோமீட்டர். கூடுவாஞ்சேரியிற் பிரிந்து நெல்லிக்குப்பம், திருப்போரூர் வழியாய்ப் போனால் ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் மிச்சம். வடக்கே வண்டலூர் சென்று, கேளம்பாக்கம், கோவளம் என்று கடலோரமாய் இறங்குவது மூன்றாவது வழி.

இவற்றுள் எது சிறந்தது? எந்நேரத்தில் என்று கேளாமல் விடை கூறுதல் இயலாது. டிரங்க் ரோடு அகன்றது; இருபுறப் போக்கும் தனித்தனியே பிரிந்தது; எந்நேரமும் தேநீர் கிடைப்பது. எனினும் 2023 டிசம்பரிற் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபின், தென்மாவட்ட பஸ்கள் அங்கிருந்தே புறப்படுகின்றன. மாலையில் அந்நெரிசலிற் சைக்கிள் ஓட்டுவது மிகவும் தொல்லை. நெல்லிக்குப்பம் சாலை பகலில் இனியது. இருளிலோ கடையும் விளக்கும் அருகிவிடும். தேசப்படம் தூரத்தைக் காட்டுமேயன்றிப் பொழுதைக் காட்டாது.

பாரிஸ் ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி நடக்கும் 'பிரவே' ஓட்டங்கள் சென்னையிலும் உண்டு. அவை பந்தயமல்ல, பிறர் துணையின்றி 200 கிலோமீட்டரை 13½ மணிக்குள் முடிப்பதே நிபந்தனை. மணிக்கு 20 கிலோமீட்டர் ஓடுவோர்க்குப் பத்து மணி ஓட்டத்திற் கழியும். உணவு, இளைப்பாறல், பஞ்சர் யாவற்றுக்கும் மூன்றரை மணியே எஞ்சும். ஊரப்பாக்கத்திலிருந்து மரக்காணம் வரை சென்று மீண்டால் அத்தூரம் நிரம்பிவிடும். ஆயின் மரக்காணத்து உப்பளங்களின் அருகே நண்பகலில் நிழல் தேடுவது வீண். நீரை முன்னரே நிரப்பிக்கொள்ள வேண்டும். காற்றையும் மறத்தலாகாது. தை மாதத்து வடகிழக்குக் காற்று போகும்போது முதுகைத் தள்ளும். அப்போது அதை யாரும் பொருட்படுத்தார். களைத்துத் திரும்பும்போது அதுவே முகத்தில் அறையும். ஆதலின் போக்குக்கும் வரவுக்கும் ஒரே வேகம் கணக்கிடுவோர் பின்பு இருட்டில் அகப்படுவர்.

இருட்டு சிறு காரியமன்று. மேற்கூறிய மைக் ஹால், 2017 மார்ச் 31-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் குறுக்கே நடந்த பந்தயத்தில், பொழுது விடியுமுன் கான்பெரா அருகே கார் மோதி உயிர்நீத்தார். டிரான்ஸ்காண்டினெண்டல் பந்தயத்திலும் ஆபத்தான சாலைகள் சில விலக்கப்பட்டுள்ளன.

நாம் வழி வகுப்பதாயின், காலை ஐந்து மணிக்கு டிரங்க் ரோட்டிற் புறப்பட்டு, விடியும்போது செங்கற்பட்டைத் தாண்டியிருப்போம். மீளும்போது திருப்போரூர், நெல்லிக்குப்பம் சாலை. மாலை ஐந்துக்குள் திருப்போரூர் எட்டவில்லையெனில் அதை விட்டு, தூரம் சிறிது கூடினும், கேளம்பாக்கம் வழியே வருவோம். அங்கே விளக்குமுண்டு, கடையுமுண்டு.