பகைப்புலத்தில் ஒரு வாத்திய கோஷ்டி

வாலிபர்களைக் கலையின் பொருட்டுத் தேசம் விட்டுத் தேசம் அனுப்பும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. சர்க்கார்கள் பணம் தருகின்றன. மந்திரிகள் மாலை சூட்டுகிறார்கள். பிள்ளைகள் ஒரு வாரம் ஆடியும் பாடியும் விட்டு ஊர் திரும்புகிறார்கள். இதனால் தேசங்களுக்குள் நேசம் வளர்கிறதென்று பிரசங்கங்கள் செய்யப்படுகின்றன. நேசம் அவ்வளவு எளிதில் வளருமாயின் உலகில் யுத்தமே இராது. முன்னமே நட்புள்ள நாடுகளுக்குள் நடக்கும் இக்கொடுக்கல் வாங்கலைக் கொண்டு அதன் வலிமையை அளக்க முடியாது. பகை மூண்ட நாடுகளின் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துப் பார்த்தாலன்றோ உண்மை விளங்கும்? அத்தகைய பரீட்சை ஒன்று 1999-ம் வருஷம் முதல் நடந்து வருகிறது.

அதைத் தொடங்கியவர்கள் இருவர். டேனியல் பாரன்பாயிம் 1942-ல் அர்ஜெண்டினாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே இஸ்ரேலில் குடியேறி, பியானோ வித்வானாகவும் வாத்திய கோஷ்டிகளை நடத்துபவராகவும் கீர்த்தி பெற்றவர். எட்வர்ட் ஸையித் 1935-ல் ஜெருசலத்தில் பிறந்த பாலஸ்தீனியர். நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் இலக்கியப் பேராசிரியர். தம் ஜனங்களின் உரிமைக்காக ஆயுள் முழுதும் வாதாடியவர். லண்டன் ஹோட்டல் ஒன்றில் தற்செயலாகச் சந்தித்த இவ்விருவரும் பிரியா நண்பராயினர். 1999-ல் ஜெர்மனியிலுள்ள வைமர் நகரில் இஸ்ரேல், பாலஸ்தீனம், ஸிரியா, லெபனான், எகிப்து முதலிய நாடுகளின் வாலிப வித்வான்களைக் கூட்டினர். பாரசீகக் கவி ஹாபிஸிடம் மனத்தைப் பறிகொடுத்து ஜெர்மன் மகாகவி கெத்தே 1819-ல் வெளியிட்ட நூலின் பெயரையே இந்தக் கோஷ்டிக்கும் இட்டனர். மேற்கு-கிழக்குத் திவான் என்பது அப்பெயர். திவான் என்றால் கவிதைத் தொகுதி.

வைமர் கெத்தே வாழ்ந்த ஊர். ஆயினும், நாஜிகள் எண்ணற்றோரை வதைத்த புக்கன்வால்டு சிறைமுகாமும் அதற்கு அருகிலேயே இருந்தது. வந்த பிள்ளைகள் அங்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். பகலில் சங்கீத அப்பியாசம். இரவில் ஸையித்தின் முன்னிலையில் விவாதம்.

முதல் நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை ஸையித் பிற்பாடு விவரித்திருக்கிறார். அரபு சங்கீதம் வாசிக்க முயன்ற இஸ்ரேல் தரப்பு வாலிபன் ஒருவனை ஓர் அரபு வாலிபன் தடுத்தான். அது அரபியர்க்கே உரியது, பிறரால் வாசிக்க இயலாது என்றான். சில நாள் சென்றன. பயிற்சியளிக்க வந்திருந்த சீன வம்சத்தவரான செல்லோ வித்வான் யோ-யோ மாவுக்கு, அரபு ஸ்வரத்திற்கேற்ப வாத்தியத்தைச் சுருதி சேர்க்கும் விதத்தைக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே அரபு வாலிபன்தான்! யாரும் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. வேலை அவனை மாற்றிற்று.

நமது கச்சேரியில் பாடகரைப் பின்பற்றிப் பக்கவாத்தியங்கள் செல்லும். மேனாட்டு வாத்திய கோஷ்டியின் முறை வேறு. தந்தி வாத்தியக்காரர் இருவருக்கு ஒரே பீடம். அதன்மீது ஒரே ஸ்வரப் புத்தகம். இருவர் வில்லும் ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் இயங்க வேண்டும். ஸிரியா வாலிபனும் இஸ்ரேல் வாலிபனும் ஒரு பீடத்தில் அமர்ந்தால், பக்கத்திலிருப்பவன் வாசிப்பைக் கவனியாமல் தன் வாசிப்பு அமையாதென்பதை இருவரும் அப்போதே அறிவர். மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாதென்பது நியாயசாஸ்திரத்தின் முதல் விதி. நீதிமன்றத்தில் ஒருவர் பேசி முடித்தபின் மற்றவரைக் கேட்கிறோம். இங்கோ தான் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பிறனையும் கேட்க வேண்டும்.

2002 முதல் ஸ்பெயினின் அந்தலூஸியா பிராந்திய சர்க்கார் இக்கோஷ்டிக்கு செவில் நகரில் இடமளித்து ஆதரித்தது. 2003-ல் ஸையித் காலமானார், வேலை நிற்கவில்லை. 2005 ஆகஸ்டில் பாலஸ்தீனத்து ராமல்லா நகரில் இவர்கள் பீதோவனின் ஐந்தாம் ஸிம்பனியை வாசித்தனர். இஸ்ரேலியர் அங்கே செல்வதையும், ஸிரியரும் லெபனானியரும் இஸ்ரேல் காவலிலுள்ள வழியைக் கடப்பதையும் அவரவர் நாட்டுச் சட்டம் தடுத்தது. ஸ்பெயின் சர்க்கார் எல்லோருக்கும் ராஜதந்திரிகளுக்குரிய பாஸ்போர்ட்டு வழங்கிய பின்னரே அது சாத்தியமாயிற்று. பெர்லின் நகரில் 2016-ல் இவ்விருவர் பெயராலும் ஒரு சங்கீதக் கலாசாலையும் திறக்கப்பட்டது.

ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. ஆக்கிரமித்தவனும் ஆக்கிரமிக்கப்பட்டவனும் ஒரே மேடையில் அமர்ந்தால், இருவரும் சமநிலையில் இருப்பதாக உலகம் மயங்கும் என்று பாலஸ்தீனப் புறக்கணிப்பு இயக்கத்தார் கண்டித்தனர். பாரன்பாயிம் தம் நாட்டுக்குத் துரோகம் செய்கிறார் என்று இஸ்ரேலில் பலர் தூற்றினர். 2006-ல் லெபனான் யுத்தம் மூண்டபோது அரபு வாலிபர் சிலர் வரவில்லை. தம் ஊர்மீது குண்டு விழுகையில் பிடில் வாசிக்க மனம் வராதவரை யார் குறை கூற முடியும்? 2023 அக்டோபருக்குப் பின் நேர்ந்த பெருநாசத்தையும் எந்தச் சங்கீதமும் தடுக்கவில்லை.

இத்தனையும் மெய்யே. ஆயினும், சங்கீதத்தால் சமாதானம் வருமென்று இக்கோஷ்டியார் சொன்னதில்லை. அறியாமையை எதிர்ப்பதே தம் வேலையென்று பாரன்பாயிம் பலமுறை கூறியிருக்கிறார். நிலத்தையும் உரிமையையும் பற்றிய வழக்கு ராஜீய வழியில்தான் தீர வேண்டும், பிடிலால் தீராது. ஆனால் வழக்குத் தீரும் நாளில் இரு தரப்பாரும் ஒரு பூமியில் வாழ்ந்தாக வேண்டும். எதிரி வீட்டுப் பிள்ளையின் பெயரையும் முகத்தையும் அறிந்த சிலராவது அன்று இருப்பார்கள். 2023-க்குப் பின்னும் கோஷ்டி கலையாமல் மேடையேறியது சிறிய காரியமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

கலைஞரைப் பரிமாறிக்கொள்ளும் சர்க்கார்களும் சங்கங்களும் இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. பிள்ளைகளைக் காட்சிக்கு அனுப்பாதீர்கள், வேலைக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் போதாது. வருஷந்தோறும் அவர்கள் கூடட்டும். கசப்பான பேச்சு எழுந்தால் வாயை மூடாதீர்கள். மறுநாள் காலையில் அவர்களை மீண்டும் ஒரே பீடத்தில் உட்கார வையுங்கள். இதைச் செய்யத் துணியாதவர்கள் நேசம் வளர்க்கிறோமென்று பிரசங்கம் செய்யாதிருப்பதே நலம்.