அடிவாரத்து மனிதர்கள் – 9: மம்பட்டியோடு போன போர்

ஒவ்வொரு ஜனவரி 15-ம் தேதியும் லோயர் கேம்ப்பில் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்துக்குக் கூடலூர், கம்பம், சின்னமனூர்க்காரர்கள் மாலையோடு வருகிறார்கள். பொங்கலோடு சேர்ந்து வரும் பிறந்தநாள் என்பதால் பள்ளத்தாக்குக்கே அது திருநாள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, 1849 ஜனவரி 13-ல், பஞ்சாபின் சிலியன்வாலா போர்க்களத்தில் அவருடைய தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக் செத்து விழுந்தார். அதே களத்தில் 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும் கொல்லப்பட்டார். சின்னவர் ஜானுக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையும் ராணுவத்துக்கே வந்தார். மதராஸ் எஞ்சினியர்ஸ் படையின் அதிகாரியாக 1860-ல் இந்தியாவில் இறங்கினார். 1868-ல் அபிசீனியப் போருக்குப் போய்ப் பதக்கம் பெற்றார். அணையைப் பற்றி விடிய விடியப் பேசுகிற நாம் இந்தப் போரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. ஏனென்றால் அந்தப் போருக்குப் பாதை போடும், கிணறு வெட்டும் சிப்பாய்களான மதராஸ் சாப்பர்களின் ஜி, எச், கே ஆகிய மூன்று கம்பெனிகளும் போயின. ராணுவத்தில் இன்றைக்கும் 'தம்பி' என்றே அழைக்கப்படும் படைப்பிரிவின் முன்னோர்கள் அவர்கள்.

சண்டைக்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்றைய எத்தியோப்பியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸ், விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராத கோபத்தில் பிரிட்டிஷ் தூதரையும் வேறு பலரையும் சிறைவைத்தார். அவர்களை மீட்க ராபர்ட் நேப்பியர் தலைமையில் சுமார் 13,000 பேர் கொண்ட படை இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பீரங்கி சுமக்க 44 யானைகளும் கூடவே போயின.

செங்கடல் ஓரத்துச் சூலாவில் படை இறங்கியபோது முதல் எதிரியாக நின்றது தாகம். குடிக்கத் தண்ணீர் இல்லை. நீராவிக் கப்பல்களின் கொதிகலன்களில் கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துக் குடிநீர் எடுத்தார்கள். மனிதர்களுக்கே அளந்து ஊற்றிய இடத்தில் வாயில்லா ஜீவன்கள் என்ன செய்யும்? கோவேறு கழுதைகள் கட்டவிழ்ந்து தண்ணீர் தேடி அலைந்து கரையெல்லாம் செத்துக் கிடந்தன.

சாப்பர், பயனியர் சிப்பாய்களின் பொழுது இங்கேதான் விடியும். கப்பல் பொருள்களை இறக்கத் துறை கட்ட வேண்டும். மலையடிவாரத்தை நோக்கித் தண்டவாளம் போட வேண்டும். சூலாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் கூமாய்லி என்ற முகாம் இருந்தது. அங்கே கிணறு வெட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருந்த நார்ட்டன் குழாய்க் கிணற்றையும் இறக்கினார்கள். கூர்முனை இரும்புக் குழாயைத் தரையில் அடித்து இறக்கி, மேலே கைப்பம்பு மாட்டித் தண்ணீர் எடுக்கும் ஏற்பாடு அது. போர்க்களத்தில் அது தன் பயனை நிரூபித்துக் காட்டியது பெரிய விஷயம்.

அதற்கு மேலே சூரு கணவாய். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே உருண்டு கிடக்கும் குண்டுக்கற்கள், அதுதான் வழி. வெடிவைத்துப் பிளந்து, கடப்பாரையால் நெம்பி, மம்பட்டியால் நிரவி, வண்டி போகும் பாதையாக அதை மாற்றினார்கள். அடிவாரத்தில் வெயில் வாட்டும். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் செனாபேயில் இரவில் குளிர் எலும்பைக் குடையும். சமவெளியில் பிறந்தவனின் உடம்பு இரண்டையும் ஒரே வாரத்தில் தாங்க வேண்டியிருந்தது.

கடற்கரையிலிருந்து தெவோத்ரோஸின் மக்தாலா கோட்டை வரை ஏறக்குறைய 640 கிலோமீட்டர். உள்ளே போகப் போகக் கூடாரங்களும் மூட்டைகளும் குறைந்தன. கடைசிக் கட்டத்தில் மலைமேல் குடிநீர் கிடையாது. கீழே பஷிலோ ஆற்றிலிருந்து சுமந்து வர வேண்டும். ஏப்ரல் 10-ல் அரோகேயில் சண்டை நடந்தது. அபிசீனியர்கள் எழுநூறு பேர் வரை மாண்டார்கள். இந்தப் பக்கத்தில் காயத்தால் இறந்தவர்கள் இரண்டே பேர். துப்பாக்கிக்கு முன்னால் ஈட்டியோடு ஓடிவந்த அந்த மனிதர்களை நினைக்காமல் இந்தப் போரை என்னால் எழுத முடியவில்லை. மூன்று நாள் கழித்து மக்தாலாவின் வாசலை உடைக்க முன்னே போனவர்களில் கே கம்பெனித் தம்பிகளும் இருந்தார்கள். வெடிமருந்தும் ஏணியும் அவசரத்தில் பின்தங்கிவிட்டன. மாதக்கணக்கில் பாதை வெட்டியவர்கள், கதவு முன்னால் கருவியில்லாமல் நின்றார்கள். 33-வது ரெஜிமென்ட் வீரர்கள் சுவரேறிக் குதித்தார்கள். அவர்களில் இருவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. இந்தியச் சிப்பாய்க்கு அந்தப் பதக்கம் கிடைக்க அப்போது விதியே இல்லை. 1911-ல்தான் விதியை மாற்றினார்கள். உள்ளே தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டு இறந்துகிடந்தார். அந்தப் போரை ஸ்டான்லி, ஹென்டி போன்ற பத்திரிகைக்காரர்கள் கூடவே போய் எழுதினார்கள். புத்தகங்களில் தளபதிகள் பெயரோடு நடக்கிறார்கள். கிணறு வெட்டியவன் 'சாப்பர்' என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் வருகிறான்.

அபிசீனியாவில் கிடைத்த இந்தப் படிப்பு பெரியாற்றுக்கு வந்து சேர்ந்தது என்பதே என் எண்ணம். 1887-ல் அணை வேலை தொடங்கியபோது, சாலையில்லாத காட்டுக்கு அடிவாரத்திலிருந்து சுண்ணாம்பும் சாமானும் ஏற்ற வேண்டும்; மழை, காய்ச்சல், யானைக் கூட்டத்துக்கு நடுவே ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறும் கூரையும் தர வேண்டும். படையெடுப்பு ஒன்றை நடத்துகிற அதே கணக்கு. இதற்காக அழைக்கப்பட்டவர்களும் சிப்பாய்கள்தான்: மதராஸ் பயனியர்ஸின் 1-வது, 4-வது பட்டாலியன்கள். ஆற்றைத் திருப்பப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துப்போக, மறுபடி முதலிலிருந்து கட்டினார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைப்பதற்குள் நோயில் மட்டும் நானூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அணைக்கு அருகிலேயே அவர்களுக்கு இடுகாடு.

லோயர் கேம்ப்பில் நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்சாரமாகிப் பள்ளத்தாக்குக்கு வரும் தண்ணீரில் இந்தப் பயனியர்களுக்கும் பங்கு உண்டு. பொங்கல் மேடைகளில் பென்னிகுவிக் பெயரோடு இவர்களுடைய பட்டாலியன் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேக்கடிக் காட்டில் அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)