முந்தற் களப்பின் கரையிலே

கொழும்பிலிருந்து மேற்குக் கரையோரமாகப் புத்தளத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே சிலாபத்தைக் கடந்ததும் வண்டிகள் விரைந்தோடத் தொடங்குகின்றன. கற்பிட்டிக் கடலிலே ஓங்கில்களைக் காணச் செல்வோரும், வில்பத்துக் காட்டிலே சிறுத்தையைத் தேடிச் செல்வோரும் வழியிலுள்ள முந்தல் என்னும் சிற்றூரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஒரு கடைத்தெரு, 1926ஆம் ஆண்டு புத்தளம்வரை நீட்டப்பெற்ற இருப்புப்பாதையில் ஒரு புகையிரத நிலையம். சாலையிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரிவது இவ்வளவே. ஊரின் செல்வம் சாலைக்கு மேற்கே இருக்கின்றது.

முந்தல் என்ற சொல்லுக்குக் கடலுள் நீண்ட நிலமுனை என்பது பொருள். ஆனால் இவ்வூருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெருங்களப்பு விரிந்து கிடக்கின்றது. ஆழமற்ற இந்நீர்ப்பரப்பை வடக்கே புத்தளக் களப்போடு இணைப்பது ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமுள்ள ஒரு கால்வாய். மாரியிலே மழைநீர் வந்து சேர, களப்பின் உவர்ப்புத் தணிகின்றது. கோடையிலே நீர் ஆவியாகிக் கரை பின்வாங்க, எஞ்சிய நீர் கடல்நீரைப்போல் உப்பேறுகின்றது. ஆகவே தை மாதத்தில் ஒருவர் கண்ட களப்பும் ஆவணியில் மற்றொருவர் கண்ட களப்பும் ஒன்றல்ல என்றே சொல்லலாம். விளிம்பிலே உவர்ச் சதுப்பு. அப்பால் வயலும் தென்னையும் பற்றைக்காடும். கொக்கும் நாரையும் ஆலாக்களும் இரைதேடி வருகின்றன. இவற்றைக் காண விரும்புவோர் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையே, வெயில் ஏறுமுன் வருதல் நலம். அக்காலத்தில் வடநாடுகளிலிருந்து வந்த விருந்தாளிப் பறவைகளும் இருக்கும்.

களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்திலே உடப்பு என்னும் தமிழ்ச் சிற்றூர் உள்ளது. தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஆடி மாதத்திலே திரௌபதை அம்மன் கோயிலில் நிகழும் தீமிதிப்பைக் காண அயலூர்களிலிருந்தும் மக்கள் திரள்வர். விழாக் காணாதவர் கடற்கரையிலே கரைவலை இழுப்பதைக் காணலாம். கயிற்றின் இரு தலைப்பையும் பற்றி இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுக்கு உடப்பு பெயர் பெற்ற ஊர். இயந்திரம் கயிற்றை இழுக்கத் தொடங்கினால் பாட்டுக்கு வேலை இராது. அதனால் அதைக் கேட்கக் கிடைப்பது ஒரு பேறே.

இக்கரையோரத்தில் வேறொரு காட்சியும் உண்டு. அது அழகானதன்று, எனினும் பார்க்கத் தக்கது. சதுரம் சதுரமாக வரம்பு கட்டிய குளங்கள் பல வெறுமையாய்க் கிடக்கின்றன. 1980களிலே இறால் வளர்ப்பு இங்கே பெருந்தொழிலாயிற்று. கண்டற் காடுகளும் உவர்நிலங்களும் வெட்டப்பட்டுப் பண்ணைகளாயின. 1996ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் பரவியது. ஒரு பண்ணையின் கழிவுநீரே அடுத்த பண்ணையின் வாய்க்காலில் பாய்ந்தமையால் நோய் எளிதாய்ப் பயணம் செய்தது. பலர் பண்ணைகளைக் கைவிட்டனர். வெட்டிய மரமோ திரும்பவில்லை. கண்டல் வேர்களிடையே வளரும் மீன்குஞ்சையும் இறாற்குஞ்சையும் நம்பிப் பிழைத்த வலைஞர்க்கு இது பெரும் இழப்பு.

முந்தலுக்குத் தெற்கே, சிலாபம் செல்லும் வழியில், ஆனைவிழுந்தான் சரணாலயம் உள்ளது. சிங்களத்தில் ஆனவிலுந்தாவ எனப்படும் இவ்விடத்திலே 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குளங்கள் தொடராய் அமைந்துள்ளன. ஒரு குளம் நிறைந்தால் மிகுநீர் அடுத்த குளத்துக்கு இறங்கும். வழியில் வயல்களும் நீர் பெறும். நன்னீர்க் குளமும் கண்டற் சதுப்பும் கடற்கரையும் அடுத்தடுத்து நிற்றல் இதன் தனிச்சிறப்பு. தாமரையிலைமேல் நடக்கும் இலைக்கோழியைக் கண்டவர், சிறிது தூரத்திலேயே கண்டல் வேரையும் காணலாம். 1997இல் சரணாலயமான இப்பகுதி, 1,397 ஹெக்டேர் பரப்புடன், 2001இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இலங்கையில் அப்பெருமையைப் பெற்ற இரண்டாவது இடம் இதுவே.

அந்தப் பெருமையும் இதனை முற்றாகக் காக்கவில்லை. 2020ஆம் ஆண்டு இறால் வளர்ப்பதற்கென்று சரணாலயத்தின் ஒரு பகுதியே இயந்திரங்கொண்டு அழிக்கப்பட்டது. அதனைச் சீராக்கும் முறையிலும் ஒரு பாடம் இருந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் கண்டற் கன்றுகள் ஆர்வத்தோடு நடப்பட்டன. பின்னர் 23 இடங்களை ஆராய்ந்தபோது 9 இடங்களில் ஒரு கன்றும் எஞ்சியிருக்கவில்லை. நீர் ஏறி இறங்கும் அளவும் உவர்ப்பும் பாராமல் நட்டதே பெரும் பிழை. ஆனைவிழுந்தானில் வனவிலங்குத் திணைக்களமும் வயம்பப் பல்கலைக்கழக ஆய்வாளரும் வேறு வழியை மேற்கொண்டனர். பழைய பண்ணைக் குளங்களுக்குள் நீர் மீண்டும் வந்துபோக வழிசெய்தால், விதைகள் நீரோடு வந்து தமக்கேற்ற இடத்தில் தாமே ஊன்றிக்கொள்ளும் என்பது அவ்வழி. இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை 2024ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீட்புப் பணிகளுள் ஒன்றாக அறிவித்தது.

அங்கே செல்வோர் வரம்பின்மேல் நின்று பார்ப்பதே போதும். சேற்றில் இறங்கினால் விரலளவு உயர்ந்த முளைகள் காலடியில் மிதிபடும்.