தாலாட்டுக்கு என்ன கூலி?

ஒன்றரை ஆண்டுகளாக அதிராம்பட்டினத்து வீட்டில் நான் தனியே இருக்கிறேன். பேறுகால விடுப்பு முடிந்து மகள் வேலைக்குத் திரும்பியபோது, பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்குப் போன என் மனைவி இன்னும் அங்கேதான் இருக்கிறார். "அம்மா இருப்பதால் குழந்தைக்கென்று தனிச் செலவே இல்லை, அப்பா" என்றாள் மகள். வாழ்நாளெல்லாம் பொருளியல் கற்பித்த எனக்கு அந்தச் சொல் உறுத்தியது.

கூலி கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்விக்கக்கூடிய எந்த வீட்டு வேலையும் உற்பத்தியே என்று 1934-இல் விளக்கினார் அமெரிக்கப் பொருளியலாளர் மார்கரெட் ரீட். ஆயினும், அந்த உழைப்பு நாட்டு வருமானக் கணக்கில் சேர்வதில்லை. குடும்பத்தாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 137 நிமிடங்களும், ஆண்கள் 75 நிமிடங்களும் செலவிடுவதாக மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு கூறுகிறது.

பாட்டி இல்லாத வீடுகளுக்கு இருப்பவை மூன்று வழிகள்: வீட்டோடு தங்கும் ஆயா, காப்பகம், தாய் வேலையை விடுவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க வைப்பது ஒரு தவறான கணக்கு. எடுத்துக்காட்டாக, தாயின் ஊதியம் ரூ.40,000, ஆயாவின் ஊதியம் ரூ.18,000 என்று கொள்வோம். "ரூ.22,000-க்காகவா இந்த ஓட்டம்?" என்று கேட்கிறார்கள். குழந்தை இருவருடையது, செலவைத் தாயின் ஊதியத்தில் மட்டும் கழிப்பது முதற்பிழை. ஆயா தேவைப்படுவது சில ஆண்டுகளுக்கே; வேலையை விட்டவர் இழக்கும் பணிமூப்பும் பதவி உயர்வும் வருங்கால வைப்பு நிதியும் ஓய்வுக்காலம் வரை தொடரும். அதை மறப்பது இரண்டாம் பிழை.

ஆயாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வீட்டோடு தங்குபவருக்கு வேலை நேரம் எப்போது முடிகிறது? வீட்டுப் பணியாளர்களின் உரிமைகளுக்காக 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் உறுதிசெய்யவில்லை. தமிழகத்தில் 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. ஆனால், நலவாரிய அட்டை ஓய்வு நேரத்தைப் பெற்றுத் தராது.

காப்பகத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக்கியதுடன், 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்றது. நோக்கம் நல்லது. ஆனால், செலவு முழுவதையும் முதலாளி மீது ஏற்றினால், பெண்களை வேலைக்கு எடுக்கவே அவர் தயங்குவார். மேலும், கடைகளிலும் வயல்களிலும் வீடுகளிலும் உழைக்கும் பெண்களுக்கு அச்சட்டம் எட்டாது.

எங்கள் வீட்டில் சமைக்க வரும் பெண்மணிக்கு இரண்டு வயதில் ஒரு மகன். மாமியாருக்கு உடல்நலமில்லாத நாள்களில் மூத்த மகள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அன்று அவள் பள்ளிக்குப் போவதில்லை. என் வீட்டுச் சோற்றின் விலையில் அந்தச் சிறுமியின் வகுப்பும் அடங்கியிருக்கிறது. "பிள்ளையையும் அழைத்து வாருங்களம்மா" என்று சொல்ல எனக்கே பல மாதங்களாயின.

நடவுக் காலத்தில் டெல்டாவின் வரப்போர மரங்களில் தூளி கட்டிய தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஊர்தோறும் அங்கன்வாடிகளைத் தந்தது. ஆனால், முன்பருவக் கல்வி 3 வயது முதல்தான். அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளுக்கு உணவு உண்டு, நாள்முழுக்க இருக்க இடமில்லை. இக்குறையைப் போக்கவே 2022-இல் மத்திய அரசின் 'பால்னா' திட்டம், காப்பகத்துடன் கூடிய 17,000 அங்கன்வாடிகளை அமைக்க இலக்கு வகுத்தது. நாடு முழுமைக்கும் இது மிகச் சிறிய எண்ணிக்கை.

தமிழகத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. கட்டடமும் சமையலறையும் பெரும்பாலும் ஆயத்தம். தேவைப்படுவது கூடுதல் பணியாளர், அவர்களுக்கு முறையான ஊதியம், நடவுக்குப் போகும் பெண்களின் நேரத்துக்கு ஏற்பத் திறக்கும் கதவு. இது பெண்களுக்கான சலுகை அன்று. சாலையையும் பாசனக் கால்வாயையும் போன்ற முதலீடு.

என் மனைவி எப்போது ஊர் திரும்புவார் என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். பேத்திக்கு மூன்று வயதாகட்டும் என்கிறேன். பாட்டி இல்லாத பேத்திகளுக்கு என்ன விடை என்பதை அரசுதான் சொல்ல வேண்டும்.