மீன்வளக் கல்வியும் வாழ்க்கை உயர்வும்

இயேசு பெருமான் தம் முதற் சீடர்களை அழைத்தது கலிலேயக் கடலோரத்தில் வலை வீசியவர்களிடமிருந்தே என்பதை நாம் யாவரும் அறிவோம். உழைப்பும் துணிவும் நிறைந்தது கடல் தொழில். ஆயினும் அதில் நிலையான வருவாய் உண்டா? கல்வி அந்நிலையை எவ்வாறு மாற்றும்? இவற்றை இங்கே காண்போம்.

விசைப்படகில் செல்வோர்க்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதையே உரிமையாளரும் தொழிலாளரும் பங்கு பிரிப்பர். மீன்பாடு குறைந்தால் பங்கும் குறையும். மேலும், நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீன்வளம் பெருக அது தேவையே. எனினும், பிள்ளைகளுக்குப் புத்தகமும் சீருடையும் வாங்கும் ஜூன் மாதத்தில்தான் வீட்டில் கடன் ஏறுகிறது.

தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டு மீன்வளக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 2012-இல் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் எழுந்தது. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் மீன் வளர்ப்பு, மீன் நோய், பதப்படுத்துதல், வலைத் தொழில்நுட்பம் முதலியன கற்பிக்கப்படுகின்றன. பிடித்த மீனைக் கெடாமல் காத்து நல்ல விலைக்கு ஏற்றுமதி செய்யும் வழியையும் மாணவர் அறிகின்றனர்.

பட்டம் பெற்றவர் மீன்வளத் துறையிலும், ஏற்றுமதி நிறுவனங்களிலும், இறால் பண்ணைகளிலும் பணிபுரியலாம். பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் தேர்வையும் எழுதலாம். 2024-ஆம் ஆண்டு ஊதிய ஒப்பந்தப்படி அப்பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 48,480 ரூபாய். தடைக்காலத்திலும் வரும் பணம் அது. தம்பி தங்கையர் படிப்பும் அதனால் தடைப்படாது.

ஆனால் பட்டம் பெற்றவுடன் அனைவரும் உயர்ந்துவிடுவர் என்று எண்ணலாகாது. அரசுப் பணியிடங்கள் குறைவு. தனியார் பண்ணைகளில் தொடக்கச் சம்பளம் அரசுப் பணி அளவு இராது. ஊரை விட்டுத் தொலைவில் தங்கவும் நேரும். மேற்படிப்பும் போட்டித் தேர்வும் கைகொடுத்தால்தான் ஏணியின் அடுத்த படி எட்டும். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்க்கு இப்படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி மாணவியர்க்கு அவ்வொதுக்கீடு இல்லை. அவர்கள் நல்ல மதிப்பெண் பெற முயல வேண்டும்.

தோழியரே, பத்தாம் வகுப்பை முடிக்கும் நமக்கு இது மிகவும் நெருங்கிய செய்தி. பதினோராம் வகுப்பில் உயிரியல் பாடத்தை விட்டுவிட்டால் இக்கல்லூரியின் வாசல் அப்போதே அடைபட்டுவிடும். மீன் கூடை சுமந்தும் கருவாடு காயவைத்தும் நம்மைப் படிக்கவைக்கும் அன்னையர் எத்தனை பேர்! ஆகவே, பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன் நம் ஆசிரியைகளைக் கேட்போம். நன்கு சிந்தித்து முடிவு செய்வோம். நம் கல்வியால் கடலோரக் குடும்பங்களில் ஒளி பரவ இறைவன் அருள்வாராக!