முதுமையில் இல்லறம்: அன்பும் இரக்கமும்



நிக்காஹ் மஜ்லிஸ்களில் இல்லறத்தைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். மஹரின் அவசியம், கணவனின் கடமை, மனைவியின் உரிமை என்று மணமக்களுக்கு எடுத்துரைக்கிறோம். ஆனால் அதே மணமக்கள் அறுபதையும் எழுபதையும் தொட்ட பின்னர் அவர்களது வீட்டிற்குள் என்ன நடக்கிறது என்பதை மிம்பர்களில் பேசுவது அரிதாகவே உள்ளது. வயது முதிர்ந்தால் சச்சரவுகள் தாமாகவே ஓய்ந்துவிடும் என்று எண்ணிக் கொள்கிறோம். உண்மை அவ்வாறு இல்லை. முதிய தம்பதியரின் இல்லத்திலும் மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றைக் கடப்பதற்கான வழியையும் மார்க்கம் நமக்குக் காட்டித் தந்துள்ளது.

சிறு பூசல்களின் வேர்

முதியோர் வீட்டுப் பூசல்கள் பெரும்பாலும் சிறு விஷயங்களிலேயே தொடங்குகின்றன. ஒருவருக்கு மின்விசிறி வேண்டும், மற்றவருக்குக் குளிர்கிறது. ஒருவர் இரவில் மூன்று முறை எழுந்து விளக்கைப் போடுகிறார்; மற்றவரின் உறக்கம் கெடுகிறது. தேநீரில் சர்க்கரை இல்லை என்று ஒருவர் கோபிக்கிறார். மருத்துவர் கூறியதை நினைவூட்டி மற்றவர் கோபிக்கிறார்.

இவற்றில் பல, குணத்தால் வருபவை அல்ல, உடலால் வருபவை. முதுமையில் செவித்திறன் குறையும்போது பெரும்பாலும் மெல்லிய, கூர்மையான ஒலிகளே முதலில் மறைகின்றன. எனவே திண்ணையில் நண்பரின் குரலைக் கேட்டுப் பேசுகின்ற ஒருவருக்கு, அடுப்படியிலிருந்து அழைக்கும் மனைவியின் குரல் தெளிவாக விழாமல் போகலாம். "ஊராரிடம் பேசுகிறார்; நான் கேட்டால் மட்டும் பதில் இல்லை" என்று அந்தப் பெண்மணி மனம் வெதும்புகிறார். அவர் குரலை உயர்த்தும்போது, "ஏன் என்மீது சீறுகிறாய்?" என்று கணவர் சினம் கொள்கிறார். அருகில் வந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் பாதிப் பூசல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அவ்வாறே, நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக் கொள்பவருக்கு இரத்தத்தில் சர்க்கரையின் அளவு திடீரெனக் குறைவதுண்டு. அப்போது வியர்வை, நடுக்கம் ஆகியவற்றுடன் காரணமற்ற எரிச்சலும் வரும். அது வாதிடும் நேரமன்று. உடனே சிறிது சர்க்கரைத் தண்ணீர் பருகத் தரவேண்டிய நேரம்.

சபுராளியின் வீடு

நமது கடலோர ஊர்களில் இன்னொரு நிலைமையும் உண்டு. வாலிபத்தில் வளைகுடா நாட்டிற்குச் சபுர் சென்றவர் முப்பது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறார். ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை என்று கணக்கிட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டுகளில் பதினைந்து விடுமுறைகள். மொத்தம் முப்பதே மாதங்கள். அதாவது, முப்பது ஆண்டு இல்லறத்தில் அத்தம்பதியர் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தது இரண்டரை ஆண்டுகள் மட்டுமே!

அந்தக் காலம் முழுவதும் வீட்டை நடத்தியவர் மனைவி. பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கணக்கு, வீடு கட்டிய வேலை, நல்லது கெட்டது அனைத்தையும் தனியாகவே சுமந்தவர். இப்போது கணவர் வந்து, அரிசிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்துக் கணக்குக் கேட்கிறார். "இத்தனை ஆண்டுகளாகக் கேட்காத கணக்கா?" என்று மனைவிக்கு நெஞ்சு வலிக்கிறது. கணவருக்கோ வேறொரு வலி. தன் வியர்வையால் எழுந்த வீட்டில் தானே ஒரு விருந்தாளியாக உணர்கிறார். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது; பிள்ளைகள் எதையும் உம்மாவிடமே கேட்கிறார்கள்.

இருவரின் வலியும் நியாயமானதே. அவர்கள் உணர வேண்டியது ஒன்றுதான்: இது பழைய இல்லறத்தின் முடிவுப் பகுதி அன்று; இப்போதுதான் தொடங்கும் இல்லறம். புதுமணத் தம்பதியருக்கு நாம் சொல்லும் பொறுமையும் விட்டுக்கொடுத்தலும் இவர்களுக்கும் தேவை.

இரக்கத்தின் பருவம்

அர்ரூம் அத்தியாயத்தின் 21-ஆவது வசனத்தில் அல்லாஹ், துணைகளை நம்மிலிருந்தே படைத்ததையும், அவர்களிடம் நாம் அமைதி பெறுவதையும், நமக்கிடையே மவத்தத் எனும் அன்பையும் ரஹ்மத் எனும் இரக்கத்தையும் ஏற்படுத்தியதையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக எடுத்துரைக்கிறான். இளமைக்கு உரியது மவத்தத், முதுமைக்கு உரியது ரஹ்மத் என்று விரிவுரையாளர்கள் சிலர் விளக்கம் தந்துள்ளனர். எத்தகைய ஆழமான விளக்கம்! அழகும் வலிமையும் குன்றும்போது இல்லறத்தைத் தாங்கி நிற்பது இரக்கமே. முழங்கால் வலியோடு எழுந்து துணைக்கு வெந்நீர் வைத்துத் தரும் கைகளில் அந்த அத்தாட்சியை நாம் காணலாம்.

கவ்லா (ரலி) அவர்களின் முறையீடு

முதிய தம்பதியரின் பூசல் ஒன்று திருக்குர்ஆன் வசனங்கள் இறங்கவே காரணமாயிற்று. அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் முதுமையடைந்து, கோபம் மிகுந்தவராகி இருந்தார்கள். ஒருநாள் சினத்தில், மனைவி கவ்லா (ரலி) அவர்களைத் தம் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுக் கூறிவிட்டார்கள். 'ளிஹார்' எனப்படும் அந்த வார்த்தை, அறியாமைக் காலத்தில் மணவுறவையே முறித்துவிடும். தம் இளமையை அவருக்காகவே செலவிட்டு, பிள்ளைகளையும் பெற்றுக் கொடுத்த பின், இந்த வயதில் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று கவ்லா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அதே வீட்டில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் செவிக்கே சில சொற்கள் எட்டவில்லை; ஆனால் அல்லாஹ் செவியேற்றான். முஜாதலா அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின.

பரிகாரம் விதிக்கப்பட்டது. ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். அவ்ஸ் (ரலி) அவர்களுக்கு வசதியில்லை. தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும்; முதுமையால் இயலாது. அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், கையில் ஒன்றுமில்லை. அப்போது ஒரு கூடைப் பேரீச்சம்பழம் வந்தது. மற்றொரு கூடையைத் தாமே கொடுத்து அவருக்கு உதவுவதாகச் சொன்னவர் யார் தெரியுமா? சற்று முன்னர் அழுது முறையிட்ட அதே கவ்லா (ரலி) அவர்கள்தான்! அதைப் பாராட்டிய நபி (ஸல்) அவர்கள், கணவரின் சார்பில் உணவளித்துவிட்டு அவரிடமே திரும்பிச் செல்லுமாறு கூறினார்கள்.

இதில் இரு படிப்பினைகள் உள்ளன. முதிய மனைவியின் கண்ணீர் அற்பமானதன்று, "இந்த வயதில் என்ன குறை?" என்று அதை எவரும் தள்ளிவிடக் கூடாது. மேலும், முறையீடு வேறு, பிரிவு வேறு. மனக்குறையைச் சொன்னவரே கணவரின் சுமையில் பாதியை ஏற்றுக் கொண்டார்கள்.

ஆண்களும் தங்கள் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் சென்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஓய்வு பெற்ற கணவர் காய்கறி நறுக்கித் தருவதும், தான் உண்ட தட்டைத் தானே கழுவுவதும் கௌரவக் குறைவல்ல. அது ஸுன்னத்தைப் பின்பற்றுவதாகும்.

பிள்ளைகளே, பிரித்து விடாதீர்கள்!

இன்று சில வீடுகளில் ஒரு கொடுமை சத்தமின்றி நடக்கிறது. பேரக்குழந்தையைப் பார்த்துக் கொள்ள உம்மா சென்னையில் மகள் வீட்டில். வாப்பா ஊரில் மகன் வீட்டில். செலவைப் பங்கிடுவதுபோல் பெற்றோரையே பங்கிட்டுக் கொள்கிறார்கள். "இருவரும் சேர்ந்திருந்தால் சண்டைதானே" என்று காரணமும் சொல்கிறார்கள். அந்தச் சண்டைக்குள்தான் அவர்களது வாழ்க்கையே இருக்கிறது என்பதை அறியாதிருக்கிறார்கள். "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கடிந்து கேட்க ஆளில்லாத வீட்டில் அந்த முதியவர் எதற்காக நேரத்தோடு சாப்பிடுவார்?

பராமரிக்க மறுக்கும் பிள்ளைகள்மீது முறையிட, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் நமது நாட்டில் இயற்றப்பட்டது. அதன் மூலம் மாதத் தொகை கிடைக்கலாம். பிரிக்கப்பட்ட துணையின் அருகாமை கிடைத்துவிடுமா?

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆவது வசனம், பெற்றோரில் ஒருவரோ இருவருமோ நம்மிடத்தில் முதுமை அடைந்தால் 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்று எச்சரிக்கிறது. இருவரும் உயிருடன் இருப்பது பெரும் பாக்கியம். அவர்களது பூசலில் நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் சொன்ன குறையைக் கொண்டு போய்ச் சேர்க்காதீர்கள். இருவரும் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு அவர்களைச் சேர்ந்தே இருக்க விடுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், முதியோர் வாழும் நம் இல்லங்களில் ரஹ்மத்தையும் பரகத்தையும் பொழிவானாக! நம் பெற்றோரை இறுதிவரை ஒருவருக்கொருவர் ஆறுதலாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.